விலை ஏறினால் பண்டத்தை மாற்றுங்கள், வேளையை விடாதீர்கள்: மெஸ் நடத்தும் அக்காவின் கணக்கு

மதுரையில் பீ.பீ.குளம் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். சாப்பிட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். விருதுநகர், ராமநாதபுரம், தேனி, சிவகங்கை என்று அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள். பாதிப் பேர் மாத டோக்கன், மீதிப் பேர் அன்றன்றைக்குக் காசு கொடுத்துச் சாப்பிடுவார்கள். மார்க்கெட்டில் விலை ஏறினால் முதலில் என் கல்லாவில் தெரியும். அடுத்த வாரமே இந்தப் பிள்ளைகளின் தட்டில் தெரியும்.

காலை இட்லிக்கு வருகிற கூட்டம் குறையும். பதினொன்றரைக்கே ‘சாப்பாடு ரெடியா அக்கா?’ என்று எட்டிப் பார்ப்பார்கள். காலையும் மதியமும் சேர்ந்து ஒரே வேளையாகிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிடும். தினம் ஆம்லெட் கேட்கிற பையன் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்பான். ஆனால் சாயங்காலம் எதிர்த்த டீக்கடையில் அதே பையன் டீயும் வடையுமாக நிற்பான். ராத்திரி பத்தரைக்குப் பசி தாங்காமல் பரோட்டாக் கடைக்குப் போவான். மாதக் கடைசியில் பார்த்தால் செலவு குறைந்திருக்காது, ஆள்தான் இளைத்திருப்பான். வருஷா வருஷம் இதைப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் ரூபாய்க் கணக்கெல்லாம் மதுரையில் நாங்கள் வாங்குகிற, விற்கிற விலையை ஒட்டிய தோராயம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விலை இறங்கும், எந்த விலை இறங்காது

எல்லா விலையேற்றத்துக்கும் ஒரே மாதிரி பயப்பட வேண்டாம். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசாங்கமே கிலோ 60 ரூபாய்க்கு விற்கிற அளவுக்கு நிலைமை போனது. ஆகஸ்ட் கடைசிக்குள் விலை படுத்துவிட்டது. 2021 நவம்பர் மழையிலும் இதே கதைதான். தக்காளியைச் சேர்த்து வைக்க முடியாது. கிருஷ்ணகிரியிலோ கோலாரிலோ மதனப்பள்ளியிலோ மழையோ வெயிலோ அடித்து ஒரு பறிப்பு போனால் உடனே விலை ஏறும், அடுத்த பறிப்பு வந்தால் இறங்கும். பெரிய வெங்காயம் கொஞ்சம் வேறு மாதிரி. நாசிக் பக்கம் கோடையில் எடுத்துச் சேமித்த வெங்காயம் செப்டம்பர் வாக்கில் தீர ஆரம்பிக்கும். புது வெங்காயம் மழையில் மாட்டிக்கொண்டால் தீபாவளியைத் தாண்டியும் விலை நிற்கும். 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாய்க்கு மேல் போனது அப்படித்தான்.

பால், சிலிண்டர், மெஸ் கட்டணம் இதெல்லாம் வேறு ரகம். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. யாரும் பழைய விலைக்குத் திரும்பும் என்று காத்திருக்கவில்லை. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தக்காளி விலையைக் காட்டிச் சாப்பாட்டு விலையை ஏற்றிய கடை எதுவும் தக்காளி இறங்கியதும் சாப்பாட்டு விலையை இறக்குவதில்லை. அதற்குள் எங்களுக்கு வேறு ஏதாவது ஏறியிருக்கும்.

ஆகவே காய்கறி ஏறினால் இரண்டு மாதத்துக்குச் சமையலை மாற்றினால் போதும், பட்ஜெட்டைத் தொட வேண்டாம். பாலோ மெஸ் கட்டணமோ அறை வாடகையோ ஏறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ‘அப்பாவுக்குக் கஷ்டம்’ என்று மூன்று மாதம் மறைத்து, அதைச் சாப்பாட்டில் கழித்துக்கொண்டு, பிறகு காய்ச்சலில் விழுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவு கடைசியில் அதே அப்பா தலையில்தான் விழும்.

முதலில் போன மாதத்தை எழுதுங்கள்

பட்ஜெட் என்றதும் எல்லோரும் வரப்போகிற மாதத்தை எழுதுகிறார்கள். போன மாதத்தை எழுதுங்கள். இப்போது எல்லாம் ஜிபே, போன்பேதானே, ஒரு பைசா தப்பாமல் அதில் இருக்கும். ஒரு நாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும், ராமநாதபுரத்துப் பையன் ஒருவனை எதிரே உட்காரவைத்து, அவன் போனில் இருந்ததை நோட்டில் எழுதச் சொன்னேன். டீ 12, வடை 8, சேர்த்து 20. காலை பத்தரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆக நாளைக்கு 40. மாதத்துக்கு 1,200 ரூபாய். அவன் மிச்சம் பிடிக்க நினைத்து விட்டது என்ன தெரியுமா? 30 ரூபாய் காலை டிபன். மாதத்துக்கு 900. காலையில் சாப்பிடாததால்தான் பத்தரைக்குப் பசித்து டீக்கடைக்குப் போகிறான். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீங்களும் மூன்று தலைப்பு போட்டு எழுதுங்கள்: உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு, நின்றுகொண்டே சாப்பிட்டது, போனில் ஆர்டர் போட்டது. கூட்டினால் போதும், எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். போனில் ஆர்டர் போட்டதைக் கூட்டும்போது சாப்பாட்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். கொண்டுவருகிற கூலி, செயலிக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்த தொகையை எழுதுங்கள். அதே பிரியாணி கடையில் நேரே என்ன விலை என்று ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

அப்புறம் வரப்போகிற மாதம். சாப்பாட்டுக்கென்று கையில் 4,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையில் மூன்று பேர், ஒரு அடுப்பு இருக்கிறது. மதியச் சாப்பாட்டை மெஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். 60 ரூபாய் டோக்கன் என்றால் 1,800. இதை ஒன்றாம் தேதியே கட்டிவிடுங்கள். சோறு, சாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல் என்று மதியச் சாப்பாட்டில் இருக்கிற அத்தனையையும் அறையில் செய்யவும் முடியாது, செய்தாலும் 60 ரூபாய்க்கு அடங்காது. காலையும் இரவும் அறைச் சமையல். அதற்கு 1,400. மீதி 800 கைக்காசு, வாரத்துக்கு 200. இந்த 200 ரூபாயை ஞாயிற்றுக்கிழமை ரொக்கமாக எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். டீ, வடை, பரோட்டா எல்லாம் அதிலிருந்துதான். கையிலிருந்து தாள் போவது கண்ணுக்குத் தெரியும், போனிலிருந்து போவது தெரியாது.

அந்த 1,400 எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். உங்கள் பங்குக்கு அரிசி 6 கிலோ 360, துவரம்பருப்பு ஒரு கிலோ 140, முட்டை 60 என்றால் 420, வேர்க்கடலை ஒரு கிலோ 150, காய் கீரை 200. ஆக 1,270. மிச்சம் 130 ரூபாயில் எண்ணெயும் காஸ் பங்கும் பார்க்க வேண்டும். இறுக்கமான கணக்குதான். ஊரிலிருந்து மிளகாய்த்தூள், புளி, உப்பு வந்தால்தான் ஓடும். வீட்டில் ரேஷன் கார்டு இருந்தால் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஊருக்குப் போய் வரும்போது அம்மாவிடம் கேட்டு அதில் ஒரு பங்கு வாங்கி வாருங்கள். கணக்கில் 100 ரூபாய்க்கு மேல் இறங்கிவிடும்.

இந்த 20 ரூபாயில் மட்டும் கை வைக்காதீர்கள்

விலை ஏறினால் பிள்ளைகள் முதலில் விடுவது முட்டை, பால், பருப்பு. வயிறு நிறையச் சோறு மட்டும் போட்டுக்கொள்வார்கள். வயிறு நிறைந்துவிடும், சரி. ஆனால் மூன்று மணி வகுப்பில் தூக்கம் சொக்கும், ஆறு மணிக்கு மறுபடி பசிக்கும்.

நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, உடம்பின் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். நாள் முழுக்க 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே 22 கிராம் கிடைத்துவிடும். சாம்பாரும் பருப்புப்பொடியுமாக 40 கிராம் பருப்பு உள்ளே போனால் 9. இரண்டு முட்டையில் 12. ஒரு கை வேர்க்கடலை, 30 கிராம், அதில் 7. கூட்டிப் பாருங்கள், 50 வந்துவிட்டது. முட்டைக்கும் கடலைக்கும் சேர்த்துச் செலவு 20 ரூபாய்க்குள்தான். ஒரு டீயும் வடையும் அதே 20 ரூபாய். இரண்டு தடவை டீக்கடைக்குப் போவதை ஒரு தடவையாக்கினால் இந்தக் காசு வந்துவிடும். நான் எழுதியிருப்பதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு மீல் மேக்கர் இருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் புரதம். 25 கிராம், அதாவது ஒரு கை, வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குழம்பில் போட்டால் 13 கிராம் கிடைக்கும். கொள்ளும் நல்லது, துவரையைவிட மலிவு, அதே அளவு புரதம். கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை எதுவானாலும் சரி. பால் வாங்குகிறவர்கள் ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து நீலப் பாக்கெட்டுக்கு மாறலாம். அரை லிட்டர் 30 ரூபாய்க்குப் பதில் 20. குறைவது கொழுப்புதான், புரதம் கிட்டத்தட்ட அதேதான்.

2023, 2024இல் துவரம்பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டிப் போனபோது நாங்கள் பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் கலந்து சாம்பார் வைத்தோம். நீங்களும் அப்படிச் செய்யலாம். இரண்டுமே சீக்கிரம் வேகும், காஸும் மிச்சம்.

அறைச் சமையல்

விடுதியில் அடுப்புக்கு அனுமதி இருக்காது. அறை எடுத்துத் தங்குகிறவர்கள் ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிற 5 கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம். முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். ரோட்டோரக் கடைகளில் சின்ன சிலிண்டரில் காஸ் ஏற்றித் தருகிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

காலைக்குப் பழைய சோறு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பிசைந்து, கொஞ்சம் மோர், இரண்டு சின்ன வெங்காயம், ஒரு கை பொட்டுக்கடலை. இரவு சமைக்காத நாளில் அவல் இருக்கிறது. கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிஷம் வைத்தால் ஊறிவிடும். தயிரோ வெல்லமோ போட்டு, மேலே வேர்க்கடலை. அடுப்பே இல்லாதவர்கள் மின்சாரக் கெட்டிலில் முட்டையை மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கெட்டில் அணைந்ததும் மூடியைத் திறக்காமல் ஒரு கால் மணி நேரம் விடுங்கள். வெந்திருக்கும்.

இரவுக்கு என் முதல் யோசனை பருப்புப்பொடி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. துவரம்பருப்பு 200 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடி கனமான வாணலியில் எண்ணெய் விடாமல், தீயைச் சிறியதாக வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும், பொடியில் அந்தப் பச்சை வாசம் போகவே போகாது. பருப்பு இளஞ்சிவப்பாகி, வாசம் அறை முழுக்க வந்ததும் இறக்கித் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் தீய்ந்துவிடும். அதே வாணலியில் வரமிளகாய் எட்டு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், கொஞ்சம் பெருங்காயம், கறிவேப்பிலை. கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும், ஈரம் இருந்தால் பொடி கெட்டுவிடும். பொட்டுக்கடலை 100 கிராம் சும்மா சூடேறினால் போதும். எல்லாம் நன்றாக ஆறியதும் கல்லுப்பு சேர்த்துக் கொஞ்சம் நறநறவென்று அரைத்துக்கொள்ளுங்கள். அறையில் மிக்ஸி இல்லையென்றால் வறுத்ததை எடுத்துக்கொண்டு உங்கள் மெஸ்ஸுக்கே போங்கள், அரைத்துத் தருவார்கள். நான் தருகிறேன். சூடான சோறு, இரண்டு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், பக்கத்தில் அவித்த முட்டை. தக்காளி 200 ரூபாய் விற்றாலும் இந்தச் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

தக்காளியில்லாத குழம்பு வைக்கத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பாட்டிமார் பாதி நாள் அப்படித்தான் வைத்தார்கள். நெல்லிக்காய் அளவு புளி, ஊறவைத்து வேகவைத்த தட்டைப்பயறோ மொச்சையோ, குழம்புத்தூள், கடைசியில் தாளிப்பு. மூன்று பேருக்கு ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் ஓடும். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய் போடுங்கள். வெங்காயம் ஏறினால் ஆம்லெட்டில் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஓட்டல்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

எங்கே, எப்போது வாங்குவது

உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் பீ.பீ.குளத்திலும் ஒன்று இருக்கிறது. வாசலில் அன்றைய விலை எழுதிய பலகை இருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், யாரும் ஏமாற்ற முடியாது. விடியற்காலையில் போனால் நல்ல காய் கிடைக்கும். ஒன்பதரைக்கு மேல் போனால் விவசாயிகள் மூட்டை கட்டும் அவசரத்தில் கொஞ்சம் கூடவே போடுவார்கள். மூன்று பேருக்கு ஒரு வாரக் காய்தானே, நான் ஒன்பதரையைத்தான் சொல்வேன். கீரை மட்டும் அன்றன்றைக்கு வாங்குங்கள்.

அரிசி, பருப்பு எல்லாம் கீழமாசி வீதி மாதிரி மொத்தக் கடைத் தெருவில், இரண்டு அறைக்காரர்கள் சேர்ந்து வாங்குங்கள். அரிசி மூட்டை 26 கிலோ என்று பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதனால் பிறந்ததுதான் அந்த 26 கிலோ. ஒரு கிலோ, இரண்டு கிலோ பாக்கெட்டாக வாங்குகிறவர்தான் இந்த வரியைக் கட்டுகிறார். அறையில் நான்கு பேர் இருந்தால் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று கீறல் விழுந்த முட்டை மட்டும் வாங்க வேண்டாம்.

நல்ல மெஸ் எது

சாம்பார் கரண்டியைப் பாருங்கள். பரிமாறுகிறவர் அடியிலிருந்து கலக்கி ஊற்றுகிறாரா, மேலோடு மொண்டு ஊற்றுகிறாரா? தட்டில் ஊற்றியதும் தண்ணீர் தனியாக ஓடினால் பருப்பில் கை வைத்திருக்கிறார்கள். விலை ஏறும்போது மெஸ்ஸில் என்னென்ன நடக்கும் என்று சொல்கிறேன். தக்காளிச் சட்னி போய்ப் பொட்டுக்கடலைச் சட்னி வரும். பொரியல் போய்க் கூட்டு வரும், எண்ணெய் குறைவு பாருங்கள். அப்பளம் நிற்கும். ரசம் புளி ரசமாகும். இதெல்லாம் நியாயமான மாற்றம், நானும் செய்வேன், உங்களுக்கு ஒன்றும் குறையாது. ஆனால் பருப்பைக் குறைத்துச் சோளமாவு கலந்து சாம்பாரைக் கெட்டியாக்குவது, பழைய எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிப்பது, மோரில் மோரே இல்லாமல் செய்வது, இப்படிப்பட்ட இடத்தில் 5 ரூபாய் மிச்சம் என்று டோக்கன் வாங்காதீர்கள்.

ஒரு வழி பிள்ளைகளே கண்டுபிடித்தது. பார்சல் சாப்பாட்டில் சோறு அதிகமாகவே இருக்கும். ஒரு பார்சலை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு, கூட இரண்டு அவித்த முட்டையோ ஆம்லெட்டோ வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரிக்கு லாபம் குறைவுதான், ஆனாலும் சொல்கிறேன், நல்ல வழி. முட்டையை விட்டுவிட்டுப் பார்சலை மட்டும் பிரித்தால் அது அரைப்பட்டினி.

பங்கில் சண்டை வராமல் இருக்க

சமமாகப் பிரித்தால் இரண்டாவது மாதமே முகம் சுளிப்பார்கள். ஒருவன் வாரா வாரம் ஊருக்குப் போவான், இன்னொருவன் இங்கேயே கிடப்பான். விடுதி மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டே, அதை அறைக்குக் கொண்டுவாருங்கள். சுவரில் ஒரு காலண்டரை மாட்டி, சாப்பிட்ட ஒவ்வொரு வேளைக்கும் உங்கள் பெயரில் ஒரு கோடு போடுங்கள். மாதக் கடைசியில் மொத்தச் செலவு 4,500, மொத்த வேளை 150 என்றால் வேளைக்கு 30 ரூபாய். 60 வேளை சாப்பிட்டவர் 1,800, 50 வேளை சாப்பிட்டவர் 1,500, 40 வேளை சாப்பிட்டவர் 1,200. யாருக்கும் மனக்குறை இருக்காது. நண்பர்கள் யாராவது வந்து சாப்பிட்டால் கூட்டி வந்தவர் பெயரில் கோடு.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக

பையன்கள் காசில்லாவிட்டால் கடனாவது வாங்கிச் சாப்பிடுவார்கள். பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் வேளையை விடுவார்கள். தம்பி பீஸ் கட்டணும் அக்கா என்று சொல்லி, ஹாஸ்டலில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, முடி கொட்டுகிறது என்றால் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கொடுப்பார்கள். வாரத்தில் மூன்று நாளாவது கீரை, அதோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள் தங்கச்சி. டீ அந்தச் சத்தைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கையில் காசே இல்லாத வாரம்

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, பெண்களுக்குப் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அந்தப் பணம் ஏறிய அன்றே மளிகைக் கடைக்குப் போய்விடுங்கள். பணமாக வைத்திருந்தால் ரீசார்ஜிலும் ரெக்கார்ட் நோட்டிலும் போய்விடும், பருப்பாக வைத்திருந்தால் போகாது. இன்னும் வாங்காதவர்கள் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசு மாணவர் விடுதிகளில் தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம். குடும்ப வருமான வரம்பு உண்டு. 2023இல் கல்லூரி மாணவருக்கு மாத உணவுச் செலவை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். நாளைக்கு 50 ரூபாய். மெஸ் நடத்துகிறவளாகச் சொல்கிறேன், மூன்று வேளைக்கு அது போதாது, இன்னும் கூட்ட வேண்டும், அதை மாணவர்கள் கேட்கவும் வேண்டும். ஆனாலும் அறை வாடகையும் கட்டிப் பட்டினியும் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். கல்லூரி திறக்கும் சமயத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், பிறகு இடம் இருக்காது.

மாநகராட்சி அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். 2013இல் சென்னையில் ஆரம்பித்தபோது வைத்த விலைதான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு அங்கே போய் நிற்க ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னது. என் கடைக்குக் காய் இறக்குகிற ஆளும் அங்கேதான் சாப்பிடுகிறார், வக்கீல் குமாஸ்தாவும் சாப்பிடுகிறார். கூச்சப்படாமல் போங்கள்.

உங்கள் மெஸ்காரரிடமும் பேசுங்கள். ‘அக்கா, அப்பாவுக்குச் சம்பளம் பத்தாம் தேதிதான், அதுவரைக்கும் நோட்டில் எழுதிக்கோங்க’ என்று தேதியோடு சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். சொல்லாமல் வராமல் இருந்தால்தான் எங்களுக்குத் தெரியாமல் போகிறது. டோக்கன் வாங்கும்போதே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும் நாளுக்கு டோக்கன் கழியுமா, செமஸ்டர் லீவில் மிஞ்சிய டோக்கன் அடுத்த மாதம் செல்லுமா. செல்லும் என்றால் டோக்கன் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.